நூற்றில் ஒரு பங்கு மாங்குளம்

வன்னியில் பிறந்து வளர்ந்தவர்களிற் பலர், கடையிலே தொங்கும் விளையாட்டுச் சாமானைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே, தம் கையால் ஒரு வாகனத்தைச் செய்து ஓட்டிப் பார்த்தவர்கள். ஒரு தடியின் இரு முனைகளிலும் இரண்டு பனங்காய்களைக் குத்தி, நடுவிலே கவைக்கம்பு ஒன்றைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு ஒழுங்கை நெடுக ஓடுவதே அந்த வாகனத்தின் யந்திர சாஸ்திரம். பொருளாதாரத் தடைக் காலத்திலே மீன்ரின்னைத் தட்டி நிமிர்த்தி லொறி செய்தவர்களும், தேய்ந்த செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி அதற்குச் சில்லுப் பூட்டியவர்களும் இன்று பிள்ளை குட்டிகளோடு குடும்பஸ்தராகிவிட்டனர். ஆகவே, வீட்டுக்குள்ளே மாதிரிப் புகையிரதப் பாதை அமைப்பது மேனாட்டுச் செல்வந்தரின் பொழுதுபோக்கு என்றும், நமக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் சொல்வோருடைய கூற்றை நான் ஒப்புவதில்லை. அதற்கு வேண்டுவன சற்று அதிகமான பொறுமையும், ஓர் அடிமட்டமும், இனி நான் சொல்லப்போகின்ற ஒரு கேள்விக்கு நேர்மையான விடையுமே.

இந்தக் கலையின் பூர்வ சரித்திரத்தை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்லின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையிலே, தண்டவாளங்களின் இடைவெளிக்குத் திட்டமான அளவுகளை வகுத்து, விளையாட்டுப் புகையிரதத் தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தனர். ஒரு தொகுதியை வாங்கியவர் மறுவருஷம் இன்னும் நாலு துண்டுத் தண்டவாளம் வாங்கி முன்னையதனோடு பொருத்திக்கொள்ளும் வசதி அவ்வாறு உண்டாயிற்று. மெக்கானோ என்னும் பூட்டிக் கழற்றும் விளையாட்டுச் சாதனத்தைக் கண்டுபிடித்த லிவர்பூல்வாசியான பிராங் ஹோர்ன்பி 1920இலே புகையிரதங்களையும் செய்து விற்கத் தலைப்பட்டார். அன்று சாவி முறுக்கினால் ஓடிய அந்தத் தகர வண்டிகள், பின்னர் மின்சாரத்தால் ஓடலாயின. பின்னும் சில காலத்திலே, வண்டி ஓடினால் மட்டும் போதாது, அது ஓடுகின்ற ஊரும் மெய்யூர் போலவே இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படத் தொடங்கவே, விளையாட்டுச் சாமான் ஒரு சிற்பக் கலையாகப் பரிணமித்தது. ஹம்பேர்க் நகரிலே பிரவுண் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் திறந்துவைத்த மாதிரி உலகத்திலே இன்று தண்டவாளம் மட்டும் 16 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. நமக்கு அயலிலே, பூனா நகரத்துக் கோத்ரூட் பகுதியில், ஜோஷி என்பவர் தம் ஆயுட்கால அபிமானத்தின் பலனாக 1998இல் திறந்த சிற்றுருவப் புகையிரத அரும்பொருட்சாலை இன்றும் சிறுவர்களை மகிழ்விக்கிறது.

கிழவர் கேட்ட கேள்வி

நான் இந்தக் காரியத்தில் இறங்கியபோது எனக்கு மாங்குளம் ஸ்டேஷனின்மேல் மனம் சென்றது. முல்லைத்தீவுப் பட்டினத்துக்குப் புகையிரதம் ஒருநாளும் போனதில்லை. அந்தப் பக்கத்தார் கொழும்புக்குக் கோச்சி ஏறவேண்டுமானால் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்கே வந்து சேரவேண்டும். கடற்கரையும் காடும் வயலும் வந்து கூடுகின்ற அந்தச் சின்னஞ்சிறு நிலையத்தைப் பலகையின்மேற் கொண்டுவந்தால் வன்னி முழுவதையும் கொண்டுவந்ததற்குச் சமானம் என்று எண்ணினேன். கனடாவிலிருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணர் நாலு துண்டுத் தண்டவாளமும் ஓர் இயந்திரமும் அனுப்பிவைத்தார். மூன்று மாதம் இரவில் விழித்திருந்து ஸ்டேஷனையும் மேடையையும் செய்து, சுற்றிவர வரிசை வரிசையாகப் பனைகளையும் நட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அயலவரான முதியவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் தம் வாலிபப் பராயத்திலே மாங்குளத்துக் காடுகளில் விறகு வெட்டியவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"தம்பி, உது மாங்குளமோ, சாவகச்சேரியோ? ஸ்டேஷனைச் சுத்தி உவ்வளவு பனை எங்கயடா நிண்டது? காடெல்லோ!" என்றார்.

நான் வாயடைத்து நிற்க, அவர் இரண்டாவது கேள்வியையும் கேட்டார்: "அது போகட்டும். உது எந்த வருஷத்து மாங்குளம்?"

என்னிடம் விடை இல்லை. பழைய சிலிப்பர் கட்டையும் புதிய ஸ்டேஷன் கட்டிடமும், கைகாட்டி மரமும் இக்காலத்து இயந்திரமும் என் பலகையிலே ஒன்றாய்க் கூடிக் குடித்தனம் பண்ணின. அப்படியொரு மாங்குளம் உலகத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. மாதிரிப் பாதை அமைக்கப் புகுவோன் முதலிலே இட வேண்டியது தண்டவாளத்தை அன்று, ஆண்டை என்ற உண்மையை அந்த முதியவரே எனக்குக் கற்பித்தார். மற்றைத் தேசங்களிலே இவ்விதி ஒரு நாகரிகம். வன்னியிலோ அது தவிர்க்க முடியாத நியதி.

ஏனென்பதைச் சொல்லுகிறேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையான வடபாதை 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பூர்த்தியாயிற்று. 1956 ஏப்பிரல் 23ஆம் திகதி யாழ்தேவி என்னும் கடுகதிப் புகையிரதம் தன் முதற் பிரயாணத்தைத் தொடங்கியது. 1985 ஜனவரியிலே முறிகண்டிக்கு அருகில் அந்த யாழ்தேவியே தாக்குதலுக்கு இலக்காயிற்று. 1990 ஜூன் மாதத்தோடு வடக்குக்கான சேவை முற்றாக நின்றது. அதன்பின் வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சிலிப்பர் கட்டைகளோடு பதுங்குகுழிகளின் கூரையாகின. பாதை கிடந்த மேட்டிலே பற்றை முளைத்தது. யுத்தம் முடிந்தபின், இந்தியக் கடனுதவியோடு இர்கொன் நிறுவனத்தார் பாதையைப் புதிதாக அமைக்க, 2011இல் ஓமந்தைக்கும், 2013 செப்டெம்பர் 14இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் திரும்பி வந்தது.

இந்த ஒரு நூற்றாண்டுக் கதையிலே எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதைப் பொறுத்தே பலகையிலுள்ள ஒவ்வொரு பொருளும் மாறும். 1970 என்றால் சிலிப்பர் மரம், நிறம் கபிலம். 2014 என்றால் கொங்கிறீற்று, நிறம் சாம்பல். முன்னதற்குக் கைகாட்டி மரம் வேண்டும். பின்னதற்கு வர்ண விளக்கு வேண்டும். முன்னதிலே, கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா தேசம் 1954 முதல் அனுப்பிய, ஒன்ராறியோ முதலான கனடிய மாகாணங்களின் பெயரைத் தாங்கிய எம்-2 ரக டீசல் இயந்திரம் இழுக்கும். பின்னதிலே இந்தியாவிலிருந்து வந்த இயந்திரங்களும் பெட்டித் தொடர்களும் ஓடும். பாதை பெயர்க்கப்பட்டுக் கிடந்த ஆண்டுகளைத் தெரிவுசெய்பவனுக்கோ தண்டவாளமே தேவையில்லை. நான் 1972ஐத் தெரிவுசெய்துகொண்டு, கட்டியதிற் பாதியைக் கழற்றி எறிந்தேன்.

ஐந்தடி ஆறங்குலம்

ஆண்டுக்கு அடுத்தது அளவுப் பிரமாணம். உலகத்தில் அதிகமாகப் புழங்குவது எச்.ஓ. என்னும் அளவு, மெய்ப்பொருளின் எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்வது அது. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். இடம் குறைந்த வீட்டார் நூற்றறுபதில் ஒரு பங்கான ‘என்’ (N) என்னும் அளவை நாடுவர். அதன் இடைவெளி 9 மில்லிமீற்றர். ஆனால் இந்த அளவுகள் யாவும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மில்லிமீற்றர்ப் பாதையை மனத்திற்கொண்டு பிறந்தவை. நம்முடைய பாதையோ அகலப் பாதை: ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். நடுத்தர உயரமுள்ள மனிதன் ஒருவன் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே குறுக்காகப் படுத்தால் உச்சியும் உள்ளங்காலும் முட்டும். அத்தகைய பாதையை எண்பத்தேழாற் பிரித்தால் 19 மில்லிமீற்றருக்கு மேல் வருகிறது. ஆகவே, கடையில் வாங்கும் எச்.ஓ. தண்டவாளத்தின்மேல் அதே அளவில் நம் யாழ்தேவியை நிறுத்தினால், அது வாய்க்கால் வரம்பிலே கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் எருமையைப் போலத் தோன்றும்.

இதற்கொரு சுலபமான பரிகாரம் உண்டு. நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் நம் பாதையின் இடைவெளி 16.76 மில்லிமீற்றர் ஆகிறது. கடைத் தண்டவாளத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமயிரிழை மூன்று நான்கின் கனந்தான். அதன்மேலும் ஓர் இலாபம்: மெய்யில் ஒரு மீற்றர் என்பது மாதிரியில் ஒரு சென்ரிமீற்றர் ஆகிவிடுவதால், பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டமே போதும், பெருக்கல் வகுத்தல் வேண்டியதில்லை. இருபது மீற்றர்ப் பெட்டி இருபது சென்ரிமீற்றர். ஐந்தடி ஆறங்குல மனிதன் பதினேழு மில்லிமீற்றர். நட்டமும் உண்டு: நூற்றில் ஒரு பங்கு அளவிலே செய்து விற்கும் புகையிரதங்களைக் கடையிற் காண்பது அரிது. ஆகையால், வாங்கிய இயந்திரத்தின் மேலோட்டைக் கழற்றிவிட்டு, சில்லும் மோட்டாரும் உள்ள அடிப்பாகத்தின்மேல், காட்போட் மட்டையிலே நம் எம்-2இன் உடலை வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அளவு சிறுத்தாலும் தூரம் முற்றாகச் சிறுப்பதில்லை. ஓமந்தையிலிருந்து பளை வரையான சுமார் 90 கிலோமீற்றர்ப் பாதையை நூற்றில் ஒரு பங்காக்கினாலும் 900 மீற்றர் நீளமான பலகை வேண்டும். வளவைத் தாண்டி, வீதியைத் தாண்டி, அயலூருக்கே அது போய்விடும். ஆகவே சுருக்குவது தர்மம். ஒரே ஒரு ஸ்டேஷன், அதற்கு இருபுறமும் கொஞ்சம் காடு, அவ்வளவே. எதை விடுவது என்று தெரிந்தவனே இந்தக் கலையில் தேர்ந்தவன்.

சுரங்கம் இல்லாத நாடு

என் பலகை பன்னிரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ளது. சுவரோரமாக, நாற்காலியில் இருப்பவனுடைய கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. வட்டமாகச் சுற்றிவரும் பாதைக்கு நான் ஆசைப்படவில்லை. பதினெட்டு அங்குல ஆரையிலே வட்டம் போட்டாலும் நாலடி அகலப் பலகை வேண்டும். அத்தனை கெடுபிடியான வளைவிலே நீளப் பெட்டிகள் தடம்புரளும். மேலும், வன்னிப் பாதையின் அழகே அதன் நெடுநேரான ஓட்டந்தான்.

நேரான பாதைக்கு ஒரு சங்கடம் உண்டு. பலகையின் அந்தத்திலே வண்டி எங்கே போய் மறைவது? மலைநாட்டுப் பாதையை அமைப்பவனுக்குக் கவலையில்லை. ஒரு சுரங்கத்தை வைத்து அதனுள்ளே வண்டியை விட்டுவிடுவான். நம்முடைய சமவெளியிலே சுரங்கம் வைத்தால் ஊரார் சிரிப்பார்கள். ஆகவே காட்டையே திரையாக்கினேன். பாதையை இரு முனையிலும் மெல்ல ஒருபுறம் சாய்த்து, முன்னே அடர்ந்த மரங்களை நட்டு, அவற்றின் பின்னே ஒரு மறைவிடம் வைத்தேன். வவுனியாப் பக்கத்து மரங்களுக்குள்ளே மறையும் வண்டி சற்று நேரம் அங்கே ஓய்வெடுத்துவிட்டு, பிறகு கொழும்பிலிருந்து வருவது போலத் திரும்பி வரும்.

பலகைக்கு எடுக்கும் மரத்திலே அலட்சியம் கூடாது. மாரி காலத்து ஈரத்தில் மரம் ஊதும். பங்குனி சித்திரை வெயிலில் ஒடுங்கும். தண்டவாளமோ தன்பாட்டில் நீண்டு குறையும். இரண்டுக்கும் பகை மூளாதிருக்க, தண்டவாள மூட்டுக்களிலே அரை மில்லிமீற்றர் இடைவெளி விடுவது அவசியம். சட்டங்களை அடிக்குமுன் மேலும் கீழும் வார்னிஷ் பூசிக்கொள்ளவேண்டும். கால்களைச் சுவரோடு ஒட்டாமல் நிறுத்தி, அடியிலே பழைய எஞ்சின் ஒயில் தடவிவிடாவிட்டால், ஐப்பசியிற் கட்டிய ஸ்டேஷனைத் தை பிறப்பதற்குள் கறையான் கையேற்றுவிடும். மேட்டு நிலத்துக்கு ரெஜிபோம் துண்டுகளை அடுக்கிச் சீவினால் பாரமில்லாமல் முடியும்.

மண்ணும் மரமும்

இனி, இக்கலையின் உயிர்நிலையான அலங்காரத்துக்கு வருகிறேன். அதைக் கிட்ட வைத்துக் காட்டுவதற்கு, தண்டவாளத்துக்குச் சல்லி போடும் ஒரே காரியத்தை எடுத்துக்கொள்ளுவோம்.

மெய்ப்பாதையிலே கிடக்கும் கருங்கற் சல்லி ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர்ப் பருமன். மாதிரியிலே அது அரை மில்லிமீற்றர் ஆகவேண்டும், அதாவது மணல். கிறஷரில் விழும் கற்றூளைத் தேநீர் வடியால் அரித்து, வடியின் கீழே விழுந்ததை மீண்டும் மெல்லிய துணியால் அரித்துத் தூசை நீக்கினால், இரண்டுக்கும் நடுவே நிற்பது சரியான பருமன். அதைக் கரண்டியால் எடுத்துத் தண்டவாளங்களின் நடுவே தூவி, உலர்ந்த தூரிகையாலே சிலிப்பர்களின் இடையே ஒதுக்கி, ஒரு மணி சிலிப்பரின் மேலே நின்றாலும் விரலால் தட்டி இறக்கிவிட வேண்டும். பிறகு தண்ணீரிலே பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு துளி விட்டுத் தெளிப்பானால் நனைக்க வேண்டும். அவ்வாறு நனைக்காமல் பசையை விட்டால், பசை முத்து முத்தாகத் திரண்டு சல்லியையும் உருட்டிக்கொண்டு போய்விடும். நனைந்தபின், பைண்டர் கம்மில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மருந்துக் குப்பியின் துளிசொட்டியாலே சொட்டுச் சொட்டாக ஊற்றிவிட்டு, ஓர் இரவும் பகலும் தொடாதிருக்க வேண்டும். பசை காய்ந்த பிறகு பார்த்தால், ஈரமோ பசையோ அங்கே பட்டதற்கு அடையாளமே இராது. சல்லி கொட்டினபடியே கிடக்கும், ஆனால் கல்லாக இறுகியிருக்கும். பன்னிரண்டடிப் பாதைக்கு எனக்கு ஒன்பது இரவுகள் சென்றன.

இங்கே நம் பிரதேசத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரையில் அழகான மணல் கிடக்கிறதே, அதை அள்ளிக்கொண்டு வந்தால் என்ன என்று தோன்றும். புல்மோட்டை கொக்கிளாய்க் கரை இல்மனைற் மணலுக்குப் பேர்போனது. அந்தக் கரு மணலோடு காந்தத்தில் ஒட்டும் மணிகளும் கலந்திருக்கும். இயந்திரத்தின் மோட்டாருக்குள்ளே காந்தம் இருக்கிறது. வண்டி ஓடும்போது அந்த மணிகள் பறந்து போய் ஒட்டிக்கொண்டு பற்சில்லுகளைத் தின்றுவிடும். எந்த மணலானாலும் முதலில் நன்னீரில் அலசி உப்பைப் போக்கி, காயவைத்து, கடதாசியாற் சுற்றிய காந்தம் ஒன்றை அதன்மேல் மூன்று நான்கு முறை ஓட்டிய பிறகே பலகைக்குக் கொண்டுவர வேண்டும்.

பாதையோரச் செம்மண்ணுக்கு மாங்குளத்து மண்ணையே மாப்போல அரித்துப் பயன்படுத்தினேன். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தூரத்திலுள்ள பொருளின் வர்ணம் காற்றிலே மங்கித் தெரிவது இயற்கை. மாதிரி என்பது தூரத்திலிருந்து பார்க்கும் ஊர். ஆகவே மெய்யான மண்ணை அப்படியே தூவினால் அது கருஞ்சிவப்பாய்க் கண்ணைக் குத்தும். சிறிது வெண்பொடி கலந்தால் தான் மெய்ம்மண் போலத் தோன்றும். புதிய காட்போட் சுவர்களைப் பழையதாக்கத் தேயிலைச் சாயம் ஒன்றே போதும். மழைநீர் ஒழுகிய கறைக்கு அடுப்புக்கரியை விரலாலே மேலிருந்து கீழாக இழுத்துவிடலாம்.

மரங்களோ தனி அத்தியாயம். பாலை, வீரை, முதிரை என்று வன்னிக் காட்டின் பெருமரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். பாலையின் முடி அடர்ந்து குடைபோலக் கவிந்திருக்கும். அதன் பச்சை கரும்பச்சை. காய்ந்த துளசித் தண்டுகளை நாலைந்தாகச் சேர்த்து நூலாலே கட்டி அடிமரமாக்கி, மேலே தும்புத்தடியிற் பிடுங்கிய தும்பைப் பிய்த்து வைத்து, பசை தெளித்து, சாயமிட்ட மரத்தூளைத் தூவினால் ஒரு பாலை முளைத்துவிடும். முதியவரின் கட்டளைப்படி பனைகளைப் பிடுங்கிவிட்டு நூற்றுக்கு மேற்பட்ட காட்டு மரங்களை நட்டேன். பிடுங்கிய பனைகளை எறியவில்லை. என்றாவது பரந்தனைக் கட்டும்போது உதவும், அங்கிருந்து வடக்கேதான் பனைகளின் இராச்சியம்.

கோச்சி ஓடுகிறது

மின்சார விஷயம் பலரைப் பயமுறுத்துவதுண்டு. அது வீண் பயம். சாதாரணமான முறையிலே இரண்டு தண்டவாளங்களுக்கும் 12 வோல்ற் நேர்மின்சாரம் கொடுக்கப்படுகிறது. சில்லுகள் அதை வாங்கி மோட்டாருக்கு அனுப்புகின்றன. வோல்ற்றைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். ஒரே பாதையில் இரண்டு மூன்று இயந்திரங்களைத் தனித்தனியே ஆட்டுவிக்கும் டிஜிற்றல் முறையும் வந்துவிட்டது. தொடங்குபவருக்கு அது அவசியமன்று. சைக்கிள் டைனமோவைக் கையாலே சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஒரு சமுதாயத்துக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கரண்ட் போனாலும் மோட்டார் சைக்கிள் பற்றறி ஒன்று இருந்தால் யாழ்தேவி நிற்காது. பியூஸ் ஒன்று மட்டும் இடையிலே போட்டுக்கொள்ள வேண்டும். வண்டி தத்தித் தத்தி ஓடினால் மோட்டாரைச் சந்தேகிக்குமுன் தண்டவாளத்தைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டினாலே துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி தூசியாகவே இருக்கும்.

ஓட்டத்திலும் வன்னிப் பாதைக்கு ஒரு சுவை உண்டு. அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனிலே மட்டுந்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். அதற்காகவே ஸ்டேஷனிலே இரண்டாவது பாதையொன்று பிரிந்து மீண்டும் சேருகிறது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான பகுதிக்கு அக்காலத்தில் ஓர் அடையாள வில்லை இருந்தது. அதைக் கையில் வாங்காத சாரதி அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது என்பது விதி. நான் அதற்கு என் தங்கை மகளின் கண்ணாடி வளையலை வைத்திருக்கிறேன். வளையல் கிடைக்கும்வரை சாமான் வண்டி காத்திருக்கும். யாழ்தேவி வந்து நின்று போகும். பிறகு சாமான் வண்டி புறப்படும். இந்தச் சிறு நாடகத்தை ஒருமுறை ஆடி முடிக்க இருபது நிமிஷம் செல்லும். வட்டத்திலே சுற்றும் வண்டியைப் பார்த்துப் பத்து நிமிஷத்திற் சலித்துப்போகும் பிள்ளைகள், வளையலுக்காக ஒரு மணி நேரம் சண்டை பிடிப்பார்கள்.

ஓடாத பாதை

பன்னிரண்டடிப் பலகைக்குப் பக்கத்திலே ஓரடிச் சதுரமான வேறொரு பலகையும் வைத்திருக்கிறேன். அதில் ஆண்டு 1996. மேடு இருக்கிறது, தண்டவாளம் இல்லை. சிலிப்பர் கிடந்த பள்ளங்கள் மாத்திரம் வரிவரியாகத் தெரிகின்றன. நடுவிலே நாயுருவியும் பற்றையும். ஓரத்தில் ஒரு பதுங்குகுழி. அதன் கூரையிலே, மிஞ்சிப்போன தண்டவாளத்தின் இரண்டு துண்டுகள். அதைச் செய்ய மூன்று நாட்களே சென்றன. வீட்டுக்கு வருபவர்கள் ஓடுகின்ற கோச்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்தப் பலகைக்கு முன்னேதான் அதிக நேரம் நிற்கிறார்கள். வாலிபர்கள் "இது என்ன?" என்று கேட்கிறார்கள், பெற்றோர் விரலைக் காட்டிச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

இங்கிலாந்திலே ரோய் இங்லண்ட் என்றொருவர் இருந்தார். அவுஸ்திரேலியாவிலிருந்து 1925இல் அங்கே வந்த அவர், தாம் நேசித்த கிராமத்து ஓலைவேய்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக அழிவதைக் கண்டு மனம் பொறாமல், அவற்றை அளந்தளந்து சிற்றுருவிலே கட்டத் தொடங்கினார். அந்தப் பிரயத்தனமே 1954இல் பெண்டன் அரும்பொருட்சாலையாக உருப்பெற்றது. அவர் கண்ட கிராமங்கள் மெல்ல மாறியவை; அளப்பதற்கு அவருக்கு அவகாசம் இருந்தது. நமக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நாம் அளக்க எண்ணுமுன்னே பழைய ஸ்டேஷன்கள் போய்விட்டன. அவற்றின் நீள அகலங்களும் கதவின் வர்ணமும் கூரையின் சாய்வும் இன்று எஞ்சியிருப்பது முதியவர்களின் ஞாபகத்திலும், இடப்பெயர்வுகளுக்குத் தப்பிய புகைப்படங்களிலுமே. மாங்குளம் மேடையின் வேலி எப்படியிருந்தது என்பதை நான் அறிந்தது எந்தப் புத்தகத்திலிருந்தும் அன்று. இயந்திரத்தோடு கனடாவிலிருந்து அண்ணர் அனுப்பிய ஒரு குடும்பப் படத்தின் மூலையிலிருந்து. கலியாணத்துக்குப் போன கூட்டம் கோச்சிக்காகக் காத்து நிற்கிறது. அவர்களுடைய முழங்காலுக்குப் பின்னே அந்த வேலி தெரிகிறது.

ஆகவே, வாசகர்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. மாதிரிப் பாதை கட்ட எல்லோருக்கும் வசதியும் விருப்பமும் வாய்க்காது, வாய்க்காவிட்டாற் குறையுமில்லை. ஆனால் உங்கள் வீட்டு அல்பத்திலோ, வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் அல்பத்திலோ, வவுனியா தொடக்கம் ஆனையிறவு வரையான ஏதாவதொரு ஸ்டேஷன் ஒரு மூலையிலாவது தெரிகின்ற படம் இருந்தால், வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டு, அதன் பின்புறத்திலே ஊரின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.